துத்தநாகத்தில் நரைத்த அக்கா

என் அத்தான் துத்தநாகத் தகட்டில் படம் செய்கிறவர். அச்சகத்தில் அதை பிளாக் என்போம். படத்தைத் தகட்டில் ஏற்றி ஆசிட் தொட்டியில் போடுவார். வெள்ளையாக வர வேண்டிய இடத்தையெல்லாம் ஆசிட் தின்றுவிடும். மிச்சம் மேடாக நின்று மை வாங்கும். குமிழி சேராமல் கோழி இறகால் வருடிக்கொண்டே இருப்பார். அந்த அறையில் பல்லிகள் இருமும். நானே கேட்டிருக்கிறேன்.

கல்யாணமான புதிதில், கூந்தல் எண்ணெய் முதலாளி ஒருவர் லேபிளுக்கு ஒரு பெண்ணின் படம் கேட்டார். அத்தான் நிமிர்ந்து பார்த்திருந்த பெண் முகம் ஒன்றே ஒன்று, என் அக்காவுடையது. அவள் போட்டோவை வைத்து அதையே செய்தார். இருபது வருஷம் அந்த ஒரே பிளாக்கில் நான் லேபிள் அடித்தேன். துத்தநாகம் அவ்வளவு நாள் தாங்காது என்பார்கள். அக்கா தாங்கினாள்.

ஒரு நாள் முதலாளி வந்து ஒரு புட்டியை மேஜைமேல் வைத்தார்.

"என்னய்யா இது? கூந்தல் எண்ணெய் லேபிள்ல தலை நரைச்சிருக்கு."

"தேய்மானமா இருக்கும்" என்றேன்.

"தேய்மானம் வகிடு பாத்துத் தேயுமா?"

அத்தான் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "நாந்தான் முதலாளி. வீட்ல அவளுக்கு ஒரு முடி நரைச்சா, இங்க உளியால ஒரு கீறல். கீறின இடம் வெள்ளையா விழும்."

"எதுக்குய்யா?"

"அவளுக்கு வயசாகுது. தகட்டுல இவ மட்டும் அப்படியே இருந்தா, ரெண்டு பேரோட குடும்பம் நடத்தற மாதிரி இருக்கு."

"பழைய போட்டோவ வச்சுக் கருகருன்னு புதுசு பண்ணிக் குடு. இல்லன்னா என் வேலை ஒண்ணுகூட உன் தொட்டிக்கு வராது."

தொட்டியில் பாதிக்கு மேல் அவர் வேலைதான். அத்தான் அதற்கு அசரவில்லை. அக்கா காதுக்குப் போய்விடுமே என்றுதான் அவருக்கு வேர்த்தது. அக்காவோ சாப்பாட்டுத் தூக்கோடு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

புட்டியை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, உதடு அசையக் கீறல்களை எண்ணினாள். பல்லிகள் இருமலை அடக்கிக்கொண்டன.

"முதலாளி, இந்தத் தலையில ஒரு முடியாவது கொட்டியிருக்கா?"

"இல்லம்மா."

"அப்ப அதை எழுதுங்க. கருப்பாக்கறேன்னு எல்லாரும்தான் சொல்றாங்க."

'நரைத்தாலும் கொட்டாது' என்று அடியில் ஒரு வரி சேர்த்தோம். அடுத்த மாதம் வழுக்கைத் தலைக்காரர்கள்கூட கடையில் வரிசையில் நின்றார்கள். கொட்ட என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அதெல்லாம் பிறகு. அன்று முதலாளி படியிறங்கியதும் அக்கா திரும்பினாள்.

"ஊருக்கே காட்டிட்டீங்க, போகட்டும். எனக்கு நரை பதினேழுதான். இதுல பதினெட்டு இருக்கு. அந்த ஒண்ணு யாரோடது?"

அத்தான் புது இறகு ஒன்றை எடுத்து, அவள் இடது காதுக்குப் பின்னால் முடியை மெதுவாக விலக்கினார்.

"மச்சான், நீயே பாரு. போன வாரம் வந்தது."

குனிந்து பார்த்தேன். இருந்தது.

அக்கா அந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள். பிறகு தூக்கைத் திறந்து, "சாப்பாடு ஆறுது" என்றாள்.