தலைமுழுக்கு

ஷீலா மராட்டிக்காரனைக் கட்டிக்கொண்டு வந்து நின்ற அன்று, அவள் அப்பா மாடசாமி கட்கி குவார்ட்டர்ஸ் குழாயடிக்குப் போய், அக்கம்பக்கம் அத்தனை பேரும் பார்க்க ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் கொட்டிக்கொண்டார். செத்தவர்களுக்குத்தான் அப்படி முழுகுவார்கள். "எனக்கு மகளே கெடையாது, அத்துவிட்டாச்சு" என்றார். வாளியை நிரப்பிக் கொடுத்தவன் தம்பி ரமேஷ்.

பிறகு அம்மா செத்ததற்குக்கூடச் சொல்லி அனுப்பவில்லை. காரியமெல்லாம் முடிந்து, காய்கறிக் கடையில் யாரோ சொல்லித்தான் ஷீலாவுக்குத் தெரிந்தது. அந்த வயிற்றெரிச்சல் அவளுக்கு ஒருநாளும் அடங்கவில்லை.

அப்பேர்ப்பட்ட மனுஷன் இப்போது ஔந்த்தில் அவள் வீட்டு சோபா நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"ரமேஷுக்குக் கல்யாணம் தாயி. மூணாவது முடிச்ச நாத்தனார்தான் போடணும்னு பொண்ணு வீட்டுக்காரவுக ஒத்தக்கால்ல நிக்காவ. நீ வரலன்னா மானம் போயிரும்."

மானம்தான் பெரிசு. நடந்ததைப் பற்றி, அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஷீலா அங்கேயே உருகியிருப்பாள். காபி ஆறும்வரை காத்துப் பார்த்தாள். அவர் சொல்லவில்லை.

"மண்டபத்துல குழாய் இருக்காப்பா?"

"இருக்கு. எதுக்கு?"

"சும்மாதான். வாரேன்."

கல்யாணத்தன்று மாடசாமிக்குக் கால் தரையில் பாவவில்லை. "என் மூத்த மக, ஹிஞ்சேவாடி ஐ.டி. கம்பெனியில பெரிய வேலை" என்று சம்பந்திகளிடம் காட்டிக் காட்டிப் பூரித்தார். ஷீலா மூன்றாவது முடிச்சை இறுக்கமாகவே போட்டாள். அந்தப் பெண் அவளுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லையே. "நல்லா இரு" என்று காதோடு சொல்லிவிட்டு, மேடையை விட்டு இறங்கி நேரே குழாயடிக்குப் போனாள். என்னவோ ஏதோ என்று மாடசாமி பின்னால் ஓடினார். மாலையும் கழுத்துமாக ரமேஷும் வந்தான். சம்பந்திகளும் எழுந்து வந்தார்கள்.

"ரமேஷு, அன்னைக்கு அப்பாவுக்கு வாளிய நெரப்பிக் குடுத்தியே. எனக்கும் குடு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவளே நிரப்பினாள்.

"வேண்டாந்தாயி. எல்லாரும் பாக்காவ."

"அன்னைக்கும் எல்லாரும் பாத்தாங்கப்பா."

பட்டுப்புடவையோடு வாளியைத் தலைக்கு மேல் தூக்கிக் கவிழ்த்தாள். சம்பந்தி வீட்டு அம்மாள் ஒருத்தி வாயில் கை வைத்து, "யாருக்கு முழுகுதா?" என்றாள். எல்லோரும் மாடசாமியைப் பார்த்தார்கள்.

ஷீலா கூந்தலைப் பிழிந்து முடிந்துகொண்டு, ஈரம் சொட்டச் சொட்ட வெளியே வந்து ஸ்கூட்டரைக் கிளப்பினாள். வழியெல்லாம் குளிரில் பல் கிட்டியது. ஆனால் வயிற்றில் எரிச்சல் இல்லை.