மூன்றரை மணி ஊசி

ஸ்ரீவில்லிபுத்தூர் செஷன்ஸ் கோர்ட் வராந்தாவில், அரசு வக்கீல் நர்ஸ் ஞானபாக்கியத்துக்குச் சாட்சி சொல்லக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம் என்பது அவர் நினைப்பு.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும் சிஸ்டர். கதை சொல்லக் கூடாது. ரெஜிஸ்டர்ல உங்க கைப்பட என்ன எழுதியிருக்கோ அதான் உங்க சாட்சி. புரியுதா?"

"புரியுது சார்."

புரிந்ததுதான் தொல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால், எண்பத்தேழு சித்திரையில், தளவாய்புரத்துப் பெண் அங்காளம்மாளை உடம்பெல்லாம் வெந்த கோலத்தில், ஞானபாக்கியம் வேலை பார்த்த ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். பஞ்சு வியாபாரிகள் சேர்ந்து நடத்திய ஆஸ்பத்திரி அது. ஸ்டவ் வெடித்துவிட்டது என்றான் புருஷன் சோணைமுத்து. சாயங்காலம் நாலு மணிக்கு மாஜிஸ்திரேட் வந்து கேட்டபோது, "அவருதான் சீமெண்ணெய ஊத்துனாரு" என்றாள் அங்காளம்மாள். அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர அவனைப் பிடித்துவைக்க வேறு சாட்சியம் கிடையாது. பேசும் நிலையில் இருக்கிறாள் என்று எழுதிக்கொடுத்த டாக்டர் சவூதிக்குப் போய்விட்டார். சம்மன் அனுப்பக்கூட விலாசம் கிடைக்கவில்லை. கட்டிலருகில் கூட நின்றவள் ஞானபாக்கியம் ஒருத்திதான்.

செத்தவளின் அம்மா சுடலையம்மாள் விடிந்ததும் கோர்ட்டுக்கு வந்துவிட்டாள். வந்ததிலிருந்து ஞானபாக்கியத்தின் கையை விடவில்லை. "வலி தெரியாம ஊசி போட்டு எம்மவள அனுப்பிவச்ச தாயி நீ. அன்னைக்கு என்னைய பக்கத்துல விடலன்னாலும், ஊசி போட்டாச்சு, வலி தெரியாதுன்னு நீ வெளிய வந்து சொன்னியே, அத நெனச்சுத்தான் ரெண்டு வாய் சோறு எறங்குது" என்றாள். ஞானபாக்கியம் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்றைக்கு மருந்து பீரோவில் பெத்தடின் ஒரே ஒரு குப்பிதான் இருந்தது. வலியை அமுக்கி ஆளைச் சொக்கவைக்கும் மருந்து. டாக்டர் அதை அங்காளம்மாளுக்கென்று எழுதியிருந்தார். ஸ்பெஷல் ரூமிலோ ஆஸ்பத்திரிக் கமிட்டித் தலைவரின் மச்சான் சிறுநீரகக் கல்லோடு கட்டிலை உதைத்துக் கத்திக்கொண்டிருந்தார். ஞானபாக்கியம் எட்டு வருடமாக டெம்பரரி. இந்தப் பெண் எப்படியும் போகப்போகிறவள் என்று அவள் மனசு அரை நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. மருந்து மச்சானுக்குப் போனது. அங்காளம்மாளுக்கு ஊசியில் ஏறியது வெறும் டிஸ்டில்ட் வாட்டர். பெத்தடினுக்குக் கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும் என்பதால், 'அங்காளம்மாள், மூன்றரை மணி' என்று குண்டு குண்டான எழுத்தில் ரெஜிஸ்டரில் எழுதினாள். அடுத்த மாதமே வேலை நிரந்தரமானது. மனசாட்சி உறுத்தியிருக்க வேண்டும். அவளோ சர்ச்சுக்கு ஸ்தோத்திரக் காணிக்கை கொடுத்தாள்.

கூண்டில் ஏறிய அவளைக் குறுக்கு விசாரணை செய்த எதிர்த்தரப்பு வக்கீல் சங்கரலிங்கம் கூடப்பிறந்த அண்ணன் மாதிரி பேசுகிறவர்.

"பெத்தடின் போட்டா ஆள் சொக்கிப்போயிருவாகள்ல சிஸ்டர்?"

"ஆமா சார்."

"மூணரைக்கு ஊசி. நாலு மணிக்கு வாக்குமூலம். அப்ப அந்தப் பொண்ணு சொன்னது அரை மயக்கத்துல சொன்னது. சரிதானே?"

'சரி' என்று சொன்னால் போதும். அவள் வேலை தப்பும். கூடவே சோணைமுத்துவும் தப்புவான். எதிரே அவன் சலவை வேட்டியில் கைகட்டி நின்றான். அவனுக்கு இரண்டாந்தாரம் பேசி முடித்தாகிவிட்டது என்று வராந்தாவில் யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. அங்காளம்மாள் ஒரு நிமிடம்கூடக் கண்ணயரவில்லை. மாஜிஸ்திரேட் போன பிறகு, "எரியுதேக்கா, ஊசி கேக்கலியே, இன்னொண்ணு போடுங்கக்கா" என்று கெஞ்சியவள் அவள். அந்தக் குரல் இரண்டு வருடம் கழித்து இப்போதுதான் ஞானபாக்கியத்தின் நெஞ்சில் இறங்கியது.

"மயக்கமே இல்ல சார். அது நல்லா முழிச்சுத்தான் இருந்துச்சு. நான் பெத்தடின் போடல."

டைப் அடித்துக்கொண்டிருந்தவர் கையை எடுத்தார். நீதிபதிதான் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"பின்னே என்ன போட்டீங்க?"

"தண்ணி. டிஸ்டில்ட் வாட்டர்."

சங்கரலிங்கம் திடுக்கிடுவார் என்று நினைத்தாள். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ரெஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு கூண்டுக்கு வந்தார்.

"இது யார் எழுத்து?"

"என்னோடது."

"போடாத ஊசியப் போட்டதா எழுதுன கை. அதுக்குக் கீழ, நாலு மணிக்கு 'நல்ல நினைவுடன் இருக்கிறார்'னு எழுதியிருக்கே, அதுவும் இதே கைதானே?"

"ஆமா. ஆனா அது நெசம் சார்..."

"கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்க சிஸ்டர். அதே கைதானே?"

"ஆமா."

வேறு கேள்வி இல்லை என்று அவர் உட்கார்ந்துவிட்டார். சோணைமுத்து கட்டிய கையைப் பிரித்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டான். வெளியே வந்ததும் அரசு வக்கீல் கேஸ் கட்டை மூடி, "ஒங்களுக்கு நான் என்ன சொல்லிக் கொடுத்தேன்? வேலையும் போச்சு, கேஸும் போச்சு. யாருக்கு என்ன லாபம்?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போனார். உண்மையைச் சொன்னால் நெஞ்சு லேசாகும் என்பார்கள். ஞானபாக்கியத்துக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. எழுதிய பொய்யைவிடச் சொன்ன உண்மை அங்காளம்மாளை நன்றாகவே கொன்றுவிட்டது என்பது மட்டும் தெரிந்தது.

ராஜபாளையம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். இடம் நிறைய இருந்தும் சுடலையம்மாள் அவள் பக்கத்தில் வந்துதான் உட்கார்ந்தாள். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று ஞானபாக்கியம் காத்திருந்தாள். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள். பஸ் ஊரைத் தாண்டியதும் கிழவி அவள் பக்கம் திரும்பினாள்.

"தண்ணிய ஏத்துனது மூணரைக்கா?"

"ஆமாம்மா."

"எனக்கு ராத்திரி பத்தரைக்குத்தான் வந்து சொன்னாக, அடங்கிட்டான்னு."

சுடலையம்மாள் இடது கையை விரித்துப் பார்த்தாள். "நாலரை" என்று சுண்டுவிரலை மடக்கினாள். "அஞ்சரை. ஆறரை." ஒவ்வொன்றுக்கும் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டு, விரலை மெதுவாக மடக்கினாள். எட்டரையில் ஒரு கை முடிந்துவிட்டது. வலது கையில் பிடித்திருந்த துணிப்பையை ஞானபாக்கியத்தின் மடியில் வைத்துவிட்டு, மறுகையை விரித்தாள்.