துர்க்காவின் குரலில் பேசியவர்கள்

மின்கட்டண வாரியத்துக்கு முதன்முதலாகத் தேர்தல் வைத்த வருடம், ஸ்காபரோவில் மின்சாரக் கம்பனியின் காசு வாங்கிய எல்லோரும் துர்க்காவின் குரலில் பேசத் தொடங்கினார்கள். முதலில் மாறியவர் ஒரு பழைய மாணவர் சங்கத் தலைவர். அடர்ந்த மீசையோடு விளையாட்டுப் போட்டியைத் தொடக்கிவைக்க எழும்பியவர், தமிழ் வானொலியில் தினமும் கேட்கும் அறிவிப்பாளர் துர்க்காவின் கனிந்த குரலில் "வணக்கம் உறவுகளே" என்றார். சனம் கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு ரோல்ஸ் சாப்பிடப் போனது. அடுத்த கிழமை ஒரு கோயில் நிர்வாகி மாறினார். அதற்குப் பிறகு வீடு விற்கும் முகவர் ஒருவரும் கிரிக்கெட் கழகம் ஒன்றின் பொருளாளரும் மாறினார்கள். போனை எடுத்தால் "ஆர் கதைக்கிறது?" என்று முதலில் கேட்டுக்கொள்வது ஸ்காபரோவின் மில்லிக்கன் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது.

காரணம் தெரியாத விஷயமல்ல. கம்பனியின் விளம்பரத்துக்குக் குரல் கொடுத்தவளே துர்க்காதான். வானொலி முதலாளி மகேஸ்வரன் ஒரு தாளை நீட்ட, அதில் இருந்த "எங்கட வெளிச்சம், எங்கட ஆக்கள்" என்பதை ஒரே மூச்சில் வாசித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அது எதற்கென்று அவள் கேட்கவில்லை. அனுசரணையாளர் இல்லாமல் எங்கள் ஆட்களுக்கு ஒரு பிறந்தநாள் விழாகூட நடக்காது. காசு தந்தவரின் பெயரை மேடையில் வாசிப்பார்கள், பொன்னாடை போர்த்துவார்கள், அந்தக் காசு ஏன் வந்தது என்று கேட்பதை மட்டும் மரியாதைக் குறைவு என்று நினைப்பார்கள். கம்பனிக்கு இது நன்றாகவே விளங்கியிருந்தது. வேட்பாளரின் கையில் நேரடியாகக் காசு வைக்கச் சட்டம் விடாது. ஆகவே சங்கங்களுக்குக் கொடுத்தது. சங்கங்கள் வேட்பாளர் றோய் யேசுரட்ணத்துக்கு மண்டபமும் பதாகையும் சாப்பாடும் கொடுத்தன. காசு போன வழியெல்லாம் துர்க்காவின் குரலும் போனது. போகப் போக அவளுடைய தொண்டையில் இருந்த குரல் குறைந்தது. வெக்ஸ்போர்ட்டில் ஒரு டொக்ரர் வாய்க்குள் லைற் அடித்துப் பார்த்து, ஒரு பிழையும் இல்லை என்று சொல்லி அனுப்பினார்.

துர்க்காவுக்குத் தன் குரலைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அவளுடைய புருசன் பிரசாந்துக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. டோர்செட் பார்க்கில் அவர்களுடைய அப்பார்ட்மென்ட் வரவேற்பறையில் இரத்தம் சுத்திகரிக்கும் மெஷின் ஒன்று நின்றது. ஒருநாள் விட்டு ஒருநாள் பிரசாந் அதோடு கட்டுண்டு கிடப்பான். அந்தக் கட்டடத்தில் கரண்ட் பில் அவரவர் தலையில். கம்பனியோ கட்டணத்தைப் பாதிக்குமேல் கூட்டித் தரும்படி வாரியத்திடம் கேட்டு நின்றது. வாரியத்தின் மற்ற ஆசனங்கள் சரிபாதியாகப் பிரிந்திருந்ததால் ஸ்காபரோவின் ஆசனம்தான் அதை முடிவுசெய்யும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஒருநாள் வேலையால் வெள்ளனவே வந்த துர்க்கா, பிரசாந் நேரம் முடிய முன்னமே மெஷினைக் கழற்றிவிட்டு வீங்கிய காலோடு தேத்தண்ணி போட்டுக்கொண்டு நிற்பதைக் கண்டாள். கரண்டில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம் என்று பார்த்தேன் என்றான், பால் வாங்காமல் விட்டதைச் சொல்வதுபோல. இன்னும் கட்டணம் கூடினால் இந்த மனிதன் தன்னைத்தானே சாகக் கொடுத்துவிடுவான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வேட்பாளர் கூட்டம் மில்லிக்கனில் ஒரு பிளாசாவின் மேல்மாடி மண்டபத்தில் நடந்தது. வானொலி அதை நேரடியாக ஒலிபரப்பியது, நடத்துபவள் துர்க்கா. தொடங்குமுன் மகேஸ்வரன் அவளை ஓரமாகக் கூப்பிட்டு, அவளுடைய குரலிலேயே சொன்னார். "பிள்ளை, கட்டணம் கூட்டுற கதையை மட்டும் எடுக்காதை. அவையின்ர காசிலதான் ரேடியோ ஓடுது." அவள் தலையாட்டினாள். தலையாட்டினால் குரல் செலவாகாது. தொண்டையில் இன்னும் ஒன்றிரண்டு வசனத்துக்குத்தான் இருக்கிறது என்பது, தண்ணீர்ப் பானையின் அடியைத் தட்டிப் பார்த்ததுபோல, அவளுக்கு விளங்கியிருந்தது. ஆகவே வரவேற்பையும் அனுசரணையாளர் பெயர்களையும் வாசிக்கும் வேலையை மகேஸ்வரனிடமே விட்டுவிட்டு, மேடை ஓரத்துப் பூச்சாடிக்குப் பின்னால் மைக்கைப் பிடித்தபடி இருந்தாள்.

றோய் கெட்டவரல்ல. ஸ்காபரோவில் பாதிப்பேருக்குக் கார் ஓட்டப் பழக்கிய பொறுமைசாலி. தன் வாயிலிருந்து ஒரு பெண்ணின் குரல் வருவதையும் பொறுமையாகவே ஏற்றுக்கொண்டிருந்தார். அன்று அந்தக் குரலில் வெளிச்சத்தைப் பற்றியும் முன்னேற்றத்தைப் பற்றியும் அழகாகப் பேசினார். கட்டணம் என்ற சொல் கிட்ட வந்தபோதெல்லாம், பிறகு ஆராய்வோம் என்று தாண்டிப் போனார். எதிர்த்து நின்ற கிளடிஸ் ஓய்வுபெற்ற நேர்ஸ். காசு தர ஆளில்லாததால் அவருடைய கரகரத்த குரல் அவரிடமே இருந்தது. அவர் றோயின் பக்கம் திரும்பி, சுற்றிவளைக்காமல் கேட்டார்.

"தம்பி, கட்டணத்தைக் கூட்டச் சொல்லி வாக்கெடுப்பு வந்தால் கை உயர்த்துவீரோ, மாட்டீரோ?"

பின்வரிசையில் நின்ற மகேஸ்வரன் துர்க்காவைப் பார்த்துக் கையை விரித்து வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினார். றோய் மூச்செடுக்க வாயைத் திறந்தார். துர்க்கா பூச்சாடிக்குப் பின்னால் மைக்கை நோக்கிக் குனிந்தாள்.

"உயர்த்த மாட்டன். மடு மாதா மேல சத்தியம்."

சனத்துக்குக் கேட்டது கூட்டம் முழுக்க றோயின் வாயிலிருந்து வந்த அதே குரல்தான். முன்வரிசையில் இருந்த அவருடைய மனைவி றீற்றா சிலுவை போட்டுக்கொண்டாள். றோய்க்கு வியர்த்துக் கொட்டியது. நான் சொல்லவில்லை என்று சொன்னாலும் அதுவும் இதே குரலில்தான் வரும். அதைவிட, மடு மாதாவின் பெயரில் ஊரறிய விழுந்த சத்தியத்தை மறுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குள் எப்படிக் கால் வைப்பது? அவர் மெல்லத் திரும்பிப் பூச்சாடிப் பக்கம் பார்த்தார். துர்க்கா கண்ணை எடுக்கவில்லை. றோய் வாயை மூடிக்கொண்டு கதிரையில் இருந்தார். கைதட்டல் எழும்பியது.

காசு தாராளமாகப் பாய்ந்திருந்ததால் றோய்தான் வென்றார். வாக்கெடுப்பு அன்று, அந்தச் சத்தியத்தை வெறும் தேர்தல் பேச்சென்று நினைத்திருந்த கம்பனிக்காரர் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, கையை மடியில் வைத்தபடி இருந்தார். ஒரே ஒரு வாக்கால் கட்டண உயர்வு தோற்றது. கோபத்தில் கம்பனி காசை நிறுத்தியது. சங்கத் தலைவருக்கும் கோயில் நிர்வாகிக்கும் மற்றவர்களுக்கும் அவரவர் குரல் திரும்பி வந்தது. றோய்க்கு மட்டும் வரவில்லை. சத்தியம் செய்த குரல் சத்தியத்தோடு நின்றுவிட்டது என்று ஆட்கள் சொன்னார்கள். துர்க்காவின் தொண்டையில் ஒரு சொட்டும் மிஞ்சவில்லை. குரலில்லாத அறிவிப்பாளரை வைத்து மகேஸ்வரன் என்ன செய்வார்? அவள் ஒரு கேக் கடையில் அலங்கார வேலைக்குப் போனாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் றோய் டோர்செட் பார்க்குக்கு வருவார். துர்க்கா தேத்தண்ணி கொடுத்துவிட்டு மெஷினுக்குப் பக்கத்தில் இருப்பாள். பிரசாந்தின் கை மெல்ல ஊசிப் பக்கம் நகர்வதைக் கண்டால் றோயைத் திரும்பிப் பார்ப்பாள். அவர் கோப்பையை வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொள்வார்.

"இஞ்சாருங்கோ, இன்னும் நேரம் கிடக்கு. கழட்டாதேங்கோ."

"ஓம், துர்க்கா" என்பான் பிரசாந், மனைவியைப் பார்த்து.