பின்பூச்சு இல்லாத படம்

கெத் ந்தார் மீனவக் குப்பத்தில் ஓவியன் பாத்தேக்கு ஒரு வழக்கம் உண்டு. கல்யாணப் படமோ கடைப் பலகையோ எழுதினால் மீனாவது வாங்கிக்கொள்வான். கடல் கொண்டுபோன பிள்ளையின் முகத்தை எழுதினால் ஒரு செதில்கூட வாங்க மாட்டான். இது குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும், அராமுக்கும் தெரியும். தெரிந்துதான் அவள் கூடை நிறையக் கருவாட்டைக் கொண்டுவந்து அவன் முன்னால் தொப்பென்று வைத்தாள்.

"என் மகன் சாலியூவை எழுதணும்."

பாத்தே கூடையை மெல்லத் தள்ளினான். "எடுத்துட்டுப் போக்கா. அவனுக்குப் போய் உன்கிட்ட வாங்குவேனா?"

"ஏன்டா வாங்க மாட்டே? என் பிள்ளை ஸ்பெயின்ல இருக்கான். வேலை கிடைச்சதும் போன் பண்ணுவான். செத்தவங்க கணக்குல அவனைச் சேர்க்காதே, வாய் அழுகிடும்!"

சாலியூ ஏறிய படகு போன வருஷம் ஸ்பெயினுக்குக் கள்ளத்தனமாகக் கிளம்பியது; கரை சேர்ந்ததாக இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. கூடப் போனவர்களின் வீடுகளில் இறந்தவர்களுக்கான தொழுகை நடத்தி, அழுது, ஓய்ந்துவிட்டார்கள். கடலுக்கு என்ன, வாங்கிப் போட்டுக்கொள்ளத் தெரியும், பதில் சொல்லத் தெரியுமா? அராம் மட்டும் தொழுகைக்குச் சம்மதிக்கவில்லை. அவள் சம்மதிக்காததால் மருமகள் கினேயும் துக்கத்துணி உடுத்த முடியாமல், தாய் வீட்டுக்கும் போக முடியாமல், பாவம், இரண்டுங்கெட்டானாகக் கிடந்தாள்.

பாத்தே கருவாட்டை வாங்கிக்கொண்டான். வேறு வழி?

அவன் எழுதுவது கண்ணாடியின் பின்பக்கத்தில். எல்லாம் தலைகீழ் வேலை. மற்றவர்கள் கடைசியில் வைக்கிற கண்ணும் புருவமும் அவனுக்கு முதலில். அந்தக் கோடுகளின்மேல் முகத்தின் நிறம். கடைசியில் எல்லாவற்றையும் மூடும் பின்பூச்சு. கோணல் சிரிப்பும் இடது புருவத்துத் தழும்புமாகச் சாலியூ அப்படியே வந்துவிட்டான். அராம் தலைத்துணி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பின்னாடி நீலம் பூசட்டுமாக்கா? மீன்காரனுக்குக் கடல் நீலம் எடுப்பா இருக்கும்."

"ஒண்ணும் பூசாதே. அவன் வந்து அவனே நிறம் சொல்லட்டும்."

"பூசலேன்னா சாயம் நிக்காதுக்கா. உப்புக்காத்து, ஈரம் பட்டா உரிஞ்சு வந்துடும்."

"நான் பாத்துக்கறேன். நீ உன் வேலையைப் பாரு."

பார்த்துக்கொள்ளத்தான் செய்தாள். பின்பக்கம் சுவரில் படாமல் சிப்பி முட்டுக் கொடுத்து மாட்டினாள். காலையில் முன்பக்கத்தை உலர்ந்த துணியால் துடைப்பாள். கினே தொட வந்தால் எரிந்து விழுவாள்.

"பிள்ளையை அனுப்பிவச்ச மகராசி நீ, தள்ளிப் போ!"

"நான் அனுப்பலை அத்தே. படகுக் கூலிக்கு நகையை வித்துக் கொடுத்தது நீங்க" என்றாள் கினே ஒருநாள். அதன் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

மழைக்காலம் வந்தது. ஒரு மத்தியானம் பேய்க்காற்றில் கூரைத்தகடு பிய்த்துக்கொண்டு போக, தண்ணீர் நேரே படத்தின்மேல் கொட்டியது. அராம் பாய்ந்து போய் அதைக் கழற்றி, கைக்குழந்தையை அணைப்பதுபோல மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள். மழை விடும்வரை அந்தப் பிடியைத் தளர்த்தவே இல்லை.

கினேதான் முதலில் பார்த்தாள். "அத்தே, உங்க மாரைப் பாருங்க."

நனைந்த வெள்ளை அங்கியில் பழுப்பாக ஒரு முகத்தின் அளவுக்குச் சாயம் ஒட்டியிருந்தது. கண்ணாடியில் கோடுகள் மட்டும் மிச்சம். அந்தக் கண்ணுக்கும் சிரிப்புக்கும் நடுவே அராமின் விரல்கள் தெரிந்தன. ஐயோ, எந்த எதிரி செய்தான் இதை? அவள் அணைத்த அணைப்புத்தானே!

அவள் அழவில்லை. அங்கியை மாற்றவும் இல்லை. கண்ணாடியை எடுத்துக்கொண்டு பாத்தேயின் வீட்டுக்கு நடந்தாள். கினே பின்னால் ஓடினாள்.

பாத்தே கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "கோடு நிக்குதுக்கா. நிறத்தை மறுபடி போட்டுடலாம். ஆனா இந்தத் தடவை மூடியே ஆகணும்."

"மூடிடு."

"நீலமா?"

"நீலம் அவனை மூடினது போதாதா? மண்ணு நிறம் பூசு, பாத்தே. அங்க கிடைக்காத மண்ணு, இங்கயாவது கிடைக்கட்டும்."

பாத்தே தூரிகையைத் தேடுவதுபோலத் தலை குனிந்துகொண்டான். அராம் தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள்.

"இந்தத் தடவை நான் மீன் கொண்டு வரலடா."

வாசலில் நின்ற கினே அப்படியே தரையில் உட்கார்ந்து, ஒரு வருஷமாக அடக்கி வைத்ததை எல்லாம் சேர்த்து ஓவென்று அழுதாள். அராம் அவளை அதட்டவில்லை.