ஹாஜியார் கொடுத்த டிவி

நோன்பு வாயோடு புளி தட்டுவது லேசான காரியமில்லை. ஓட்டை உடைத்து, நாரை உருவி, சுளையைக் கல்மேல் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிக் கொட்டையை நெம்புவதற்குள் வாயில் நீர் சுரந்துவிடும். அஸ்கரி பேகம் அதைத் துப்பித் துப்பியே தொண்டை வறண்டுபோயிருந்தாள். விரல் வெடிப்புகளில் புளி ஏறி எரிந்தது. மண்டிக் கொட்டகையின் தகரக் கூரை வேறு மேலிருந்து காய்ச்சியது.

பக்கத்தில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்த ஞானமேரி அவளுக்கு எதிர்வீட்டுக்காரி.

"ஏங்க்கா, மொகமே சரியில்ல?"

"பள்ளிவாசல் மைக்குல சொன்னது உனக்கும் கேட்டிருக்குமே மேரி. டிவி இருக்கற வூட்டுக்கு இந்த வருசம் ஜகாத்து கெடையாதாம். ஜமாத்து கமிட்டி வூடு வூடா வந்து பாக்குமாம்."

"ஜகாத்துன்னா, வசதி உள்ளவங்க நோன்புக்கு ஏழைங்களுக்குப் பிரிச்சுக் குடுப்பாங்களே, அதா?"

"அதேதான். எங்க வூட்டுக்காரரு ஆபரேசனுக்கு அதைத்தான் நம்பியிருக்கறோம்."

"அப்ப டிவிய வித்துருங்க. அது என்னா சோறா போடுது?"

அஸ்கரி அடுத்த சுளையைக் கல்மேல் வைத்தாள். பதில் சொல்ல ஆசைதான்; ஆனால் மண்டி முதலாளியின் கொட்டகையில் உட்கார்ந்துகொண்டு அவர் கொடுத்த பொருளைப் பற்றி எப்படிப் பேசுவது?

அவள் புருஷன் நசீருதீன் இதே மண்டியில் மூட்டை தூக்கியவன். போன வருஷ நோன்பில், லாரிக்குச் சாய்த்திருந்த பலகை வழுக்கி, மூட்டையோடு கீழே விழுந்தான். இடுப்புக்குக் கீழே பாதி உயிர் போய்விட்டது. சேலத்தில் காட்டியபோது, ஆபரேஷன் செய்தால் எழுந்து உட்காரலாம், கம்பு ஊன்றி நிற்கவும் செய்யலாம் என்றார்கள். முதலாளி ஹாஜி நூர் பாஷா ஆஸ்பத்திரிக்கே வந்து பார்த்தார். அவர் வீட்டுக்கு அப்போதுதான் கலர் டிவி வந்திருந்தது. மறுவாரம் பழைய கறுப்பு வெள்ளை டிவி, ஆண்டெனா, குழாய் சகிதம் கைவண்டியில் நசீருதீன் வீட்டு வாசலில் வந்து இறங்கியது. அதோடு வாரக் கூலி வருவது நின்றது.

கொடுத்து வைத்தவன் என்று தெருவே சொன்னது. தருமபுரியில் அந்தச் சந்தில் வேறு டிவி கிடையாது. டிவிப் பெட்டியின் மரக்கதவை இழுத்துத் திறந்தால் பெங்களூர் ஸ்டேஷன் தெரியும். புரிந்தாலும் புரியாவிட்டாலும், ஞாயிற்றுக்கிழமை கன்னடப் படத்துக்கு வாசல்வரை பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். நசீருதீன் பாயில் கிடந்தபடியே யார் எங்கே உட்கார வேண்டும் என்று அதிகாரம் செய்வான்.

அன்று சாயங்காலம் அஸ்கரி பேச்சை எடுத்தாள்.

"வித்துரலாங்க."

"வாயக் கழுவு. இத்தன வருசம் மூட்ட தூக்குனதுக்கு மொதலாளி குடுத்த மரியாதை அது. நான் அங்க வேலை செஞ்சேன்னு சொல்றதுக்கு வேற என்னா இருக்குது எங்கிட்ட?"

"மரியாதைய வெச்சுக்கிட்டு எந்திரிச்சு நிக்க முடியுதா உங்களால?"

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாதென்று பட்டது. நசீருதீன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். "விக்க வேணாம். ஜமாத்துக்காரங்க பாத்துட்டுப் போற வரைக்கும் மேரி வூட்டுல வெச்சிரு. அங்க வந்து யாரு பாக்கப்போறாங்க?" என்றான்.

பொழுது இருக்கும்போதே டிவியைப் போர்வையில் சுற்றி அஸ்கரியும் ஞானமேரியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து எதிர்வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். இருட்டட்டும் என்று காத்திருந்தால் திருட்டுத்தனம்போல் இருக்கும் என்று அஸ்கரி நினைத்தாள். பகலிலும் அது அப்படித்தான் இருந்தது. குழாயடியில் குடத்தோடு நின்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "இனிமே படம் மேரியக்கா வூட்டுலயா?" என்று ஒரு சின்னப் பெண் பின்னாலேயே ஓடிவந்தாள். அஸ்கரி நடையை எட்டிப் போட்டாள்.

மறுநாள் சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து மூன்று பேர் வந்தார்கள். பள்ளிவாசல் நிர்வாகத்தைக் கவனிக்கும் முத்தவல்லி, தையல்கடை அப்துல் ரஷீத், அவர்களுக்குப் பின்னால் ஹாஜி நூர் பாஷா. கமிட்டியோடு ஹாஜியாரும் வருவார் என்று புருஷனும் பெண்டாட்டியும் நினைத்தே பார்க்கவில்லை. அஸ்கரி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு திருடனுக்குத் தேள் கொட்டினதுபோல் மூலையில் நின்றாள்.

ஹாஜியார் நசீருதீனிடம் நலம் விசாரித்தார். பிறகு அவர் பார்வை காலியான பலகைமேல் போனது.

"டிவி எங்கம்மா?"

நசீருதீன் அஸ்கரியைப் பார்த்தான்.

"வித்துட்டோமுங்க," என்றாள் அஸ்கரி.

"வித்துட்டீங்களா?" ஹாஜியாருக்கு முகம் வாடிவிட்டது. "எங்க வூட்டுல ஆசையா வெச்சிருந்தது. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

வாசலில் நின்ற ரஷீத் அண்ணாந்து பார்த்தார். "டிவிய வித்தவங்க ஆண்டெனாவ மட்டும் எதுக்கும்மா வெச்சிருக்கீங்க?"

கூரைக்குமேல் தெருவிலேயே உயரமான குழாயில், பெங்களூர் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு ஆண்டெனா நின்றது. பள்ளிவாசல் வாசலிலிருந்தே தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். பெட்டியை எங்கே வைப்பது என்று அத்தனை யோசித்தவர்களுக்கு மேலே நின்றது நினைவுக்கு வரவில்லை. எதிர்வீட்டு வாசலில் ஞானமேரி சட்டென்று உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். மூன்று பேரும் அதையும் பார்த்தார்கள்.

அஸ்கரிக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம்போல் இருந்தது. ஹாஜியார் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் சிரித்தார்.

"நோன்பு வெச்சுக்கிட்டுப் பொய் சொல்லலாமாம்மா?" பிறகு முத்தவல்லியிடம் திரும்பினார். "இவங்களுக்குக் குடுக்கலன்னு யாரும் நெனைக்க வேணாம். போன வருசம் என் ஜகாத்துலதான் அந்த டிவியவே குடுத்தேன். நல்லா ஓடுற டிவி."

நசீருதீன் தலையை மட்டும் தூக்கினான்.

"ஜகாத்துங்களா மொதலாளி?"

"பின்ன என்னான்னு நெனச்ச?"

அவன் தலையைச் சாய்த்துக்கொண்டான். வந்தவர்கள் இந்த வருஷ ஜகாத்தைப் பற்றிப் பேசாமலே போய், நோன்பு திறக்கும் பாங்கு சொல்லி, அஸ்கரி கஞ்சியை எடுத்துவந்து வாயருகே வைக்கும்வரை அவன் முகத்தைச் சுவர்ப்பக்கமே வைத்திருந்தான். கஞ்சியில் இரண்டு வாய் குடித்துவிட்டு, "வித்துரு," என்றான்.

ரேடியோ ரிப்பேர்க்காரன் பெருநாள் கழித்து வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். எதிர்வீட்டிலிருந்து மறுபடி வீட்டுக்கு வந்த டிவி, சுற்றின போர்வையோடு பலகையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வந்தபோது அஸ்கரி கதவைத் திறக்கவில்லை.

இருபத்தொன்பதாம் நோன்பன்று வானம் மூடிக்கொண்டது. பொழுது சாய்ந்து மஃரிப் தொழுதுவிட்டு வந்தவர்களுக்கு மேற்கே பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம், பிறை தெரியவில்லை. மறுநாள் பெருநாளா, இன்னொரு நோன்பா? யாரோ கதவைத் தட்டினார்கள். அப்துல் ரஷீத்.

"நசீரு, பெங்களூர் நியூஸ் போடுப்பா. பிறைய சொல்லுவாங்க. ஹாஜியார் வூடு அந்தக் கோடியில, போறதுக்குள்ள முடிஞ்சுரும்."

அவருக்குப் பின்னால் முத்தவல்லி, ஹாஜியார், பள்ளிவாசல் ஜனம் அத்தனையும் நின்றது. அஸ்கரி போர்வையை அவிழ்த்தாள். இடம் போதவில்லை, இரண்டு பேர் நசீருதீனைப் பாயோடு சுவரோரம் இழுத்து விட்டார்கள். இருந்த ஒரே நாற்காலியில் ஹாஜியார் உட்கார்ந்தார். டியூப் சூடாகிப் படம் வந்தது. கடைசியில்தான் கன்னடத்தில் அந்தச் செய்தியை வாசித்தார்கள்: பிறை தெரிந்துவிட்டது, நாளைக்குப் பெருநாள்.

வீடு முழுக்கச் சந்தோஷக் கூச்சல். "என்னா தெளிவா தெரியுது!" என்றார் முத்தவல்லி. "இத வித்துராதீங்கம்மா. பள்ளிவாசலுக்குப் பக்கத்துல ஒண்ணு இருக்கறது நல்லது."

எல்லோரும் எழுந்து "ஈத் முபாரக்" சொல்லி ஒருவரையொருவர் தழுவிக்கொண்டார்கள். நசீருதீன் ஒரு முழங்கையை ஊன்றிப் பார்த்தான். தோள் மட்டும் கொஞ்சம் எழும்பியது, அதற்குமேல் முடியவில்லை. திரும்பப் படுத்துக்கொண்டு இரண்டு கைகளையும் மேலே நீட்டினான். அவனுக்கு மேலே ஹாஜியாரும் ரஷீதும் தோள் மாற்றித் தோள் தழுவிக்கொண்டிருந்தார்கள். பிறகு கூட்டம் அவன் கால்களைத் தாண்டித் தாண்டி வாசலுக்குப் போனது. செருப்புச் சத்தம் சந்தின் கோடியில் அடங்கும்வரை அவன் கைகள் அப்படியே நீட்டியிருந்தன. அப்புறம் அவற்றைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான்.