டைனோசருக்கு எத்தனை ஜிபி

மனித குலம் இதுவரை கண்ட விடுதலைகளிலேயே பெரியது, கேம் கன்சோலில் இருக்கும் 'அழி' என்ற பொத்தான்தான். இதைச் சொன்னவர் டாரில். பில்பரா செம்மண் பொட்டலில் எங்கள் இரும்புச் சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறார். அந்த லாரியின் சக்கரமே இரண்டு ஆள் உயரம். அதை ஓட்டுகிறவர் எதைச் சொன்னாலும் சிரிக்காமல் கேட்டுக்கொள்வது முகாம் வழக்கம்.

இரண்டு வாரம் சுரங்கம், ஒரு வாரம் பெர்த்தில் வீடு. விமானத்தில் திரும்பும்போது பாதிப் பேர் பையில் கன்சோல் இருக்கும். முகாம் இணையத்தில் ஒரு கேமை இறக்க ஆரம்பித்தால், அது வந்து சேர்வதற்குள் நாம் வீட்டுக்குப் போயிருப்போம். ஆகவே வீட்டில் ஏற்றியதுதான் இங்கே சோறு. புது கேம் வந்தால், கடைசியாக ஊரிலிருந்து வந்தவர் அதை ஒரு டிரைவில் கொண்டுவர, அது அறை அறையாகச் சுற்றும். இடம் மட்டும் அவரவர் பாடு.

பெரிய கன்சோலின் அட்டையில் ஆயிரம் ஜிபி என்று போட்டிருக்கும். உள்ளே எண்ணூறுதான் தேறும். டாரில் சின்னதை வாங்கினார். அழிக்கத் தெரிந்தவனுக்கு எதற்குப் பெரியது என்பது அவர் வாதம்.

ஒருநாள் மெஸ்ஸில், மண் நிரவும் கிரேடர் ஓட்டும் ராவிரி தன் கன்சோல் பெட்டி நிறைந்துவிட்டது என்றார்.

"என்னத்தடா அடைச்சு வெச்சிருக்க?" என்றார் டாரில்.

"குதிரை லாயம்."

"நீ குதிரையா ஓட்டுற? குதிரைக்குத் தெரியுமா?"

"நான் எங்க ஆடுறேன். என் பொண்ணு அதுல கட்டுனது. சும்மா உள்ள போய்ப் பாப்பேன்."

"சும்மா பாக்க அறுபது ஜிபி! வாடகையாச்சும் குடுக்குதாடா அந்தக் குதிரைங்க? கேமைத் தூக்குடா மாங்கா. சேவ் பண்ணுனது எங்கயும் போகாது. வீட்டுக்குப் போய் மறுபடி ஏத்திக்கோ, குதிரை அப்படியே நிக்கும்."

"நீ கறியத் தின்னு."

டாரில் சொன்னது சரிதான். ராவிரி அழிக்கவில்லை.

அடுத்த முறை திரும்பி வந்தபோது விமான நிலையப் பேருந்தில் டாரில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் விடுமுறை வேலைக்கு வந்த பொறியியல் மாணவன். என்னைக் காலேஜ் என்றுதான் கூப்பிடுவார்.

"வீட்ல எல்லாம் நல்லாருக்காங்களா?" என்றேன்.

"டெப்ரா பையனக் கூட்டிக்கிட்டு அடிலெய்டுக்கே போயிட்டா."

"எப்போ?"

"நான் இங்க இருக்கறப்போ." பையைக் காலடியில் தள்ளினார். "ஃப்ரிட்ஜை நல்லாத் துடைச்சு வெச்சிருந்தா, காலேஜ்."

பிறகு லாரியின் ஏசியைப் பற்றிப் பேசினார்.

அந்த வாரம் முகாமில் எல்லாரும் ஆடும் போர் கேமின் புது பாகம் டிரைவில் வந்திருந்தது. அது பழைய பாகத்தின் மேல்தான் ஏறும். சனிக்கிழமை ஆறு பேர் போட்டி. ஏற்பாடு செய்ததே டாரில். டிரைவ் முதலில் அவரிடம் போனது. மறுநாள் ஷிப்ட் முடிந்து அதை வாங்கப் போனேன். கதவு திறந்திருந்தது. அவர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

திரையில் டைனோசர் பூங்கா. பையன் ஆங்கஸ் கட்டியது. எல்லா டைனோசருக்கும் கெவின் என்றே பெயர் வைத்திருந்தான். ஏழு வயதில் பெயர் வைப்பதற்கு அவ்வளவுதான் பொறுமை.

"ஏறிடுச்சா?"

"நூத்தம்பது கேக்குது. நூறுதான் இருக்கு."

"பழைய பாகம் வேணும். அப்போ..." என்றேன். அதைத் தவிர அந்தப் பெட்டியில் இருந்தது கெவின்கள் மட்டும்தான்.

"ம்."

"சேவ் எங்கயும் போகாதே, டாரில்."

"தெரியும்."

"கெவின் அப்படியே நிக்கும்."

"நின்னாப் போதுமா? சோறு போடணும்ல."

குரலில் ஒன்றுமில்லை. லாரியில் எவ்வளவு டீசல் இருக்கிறது என்று ரேடியோவில் சொல்வாரே, அந்தக் குரல்.

"டிரைவை ராவிரிகிட்ட குடுத்துரு. சனிக்கிழமை அஞ்சு பேர் ஆடுங்க."

"ராவிரி கேட்டா என்ன சொல்ல?"

கன்ட்ரோலரைக் கையில் எடுத்தார். "ஒண்ணும் சொல்லாத."

டிரைவைக் கழற்றி எடுத்துக்கொண்டேன். அவர் திரையில் ஒரு கட்டு இலையை எடுத்து, நீளக் கழுத்துள்ள கெவின் முன்னால் வைத்தார். அது குனிந்து தின்கிறவரை பார்த்திருந்துவிட்டு, அடுத்த கெவினிடம் போனார்.