சுவத்துல முளைச்ச நெல்லு

தஹ்மீனா, முழிச்சிருக்கியாடி? இல்லேன்னா காலைல கேளு. சத்தமா பேச முடியாது. மாட்டுக் கொட்டகைல உக்காந்திருக்கேன். ஒரு பக்கம் தம்பி தூங்குறான், இன்னொரு பக்கம் மாடு. கையெல்லாம் சேறு, அதான் டைப் பண்ணாம பேசுறேன்.

எங்க வீட்ட நீ போட்டோலதான் பாத்திருக்க. நீ நாகூருக்குப் போனப்பறம் கட்டுனது. அப்பா சிங்கப்பூர்ல அத்தன வருஷம் கான்கிரீட் கொட்டிட்டு வந்து, என் வீட்டுக்குள்ள ஒரு மூட்ட சிமெண்ட் வரக்கூடாதுன்னுட்டாரு. வயல் ஓரத்துல மீன் குளம் வெட்டுனாரு. அந்த மண்ணையே வைக்கோல், உமி, சாணி போட்டு மிதிச்சு வட்டமா சுவரு வச்சாரு. நாங்க நாலு பேரும்தான் மிதிச்சோம். மேல கீத்து. அரிசி எங்க வயலு, மீனு எங்க குளம், அடுப்புக்கு சாணி கேஸ், லைட்டுக்கு சோலார். கடையில வாங்குறது உப்பு, எண்ணெய், டீத்தூள், சக்கரை, எனக்கு நாப்கின், அவ்வளவுதான். ஸ்கூல்ல என்ன குளவின்னு கூப்புடுறாளுக. குளவிக்கூட்டுல குடியிருக்கேனாம். மொதல்ல அழுதேன். ஆனா நெசமா சொல்றேன், எனக்கு அந்த வீடு புடிக்கும். சித்திர வெயில்ல வெளியேந்து உள்ள வந்தா தண்ணிப் பானைக்குள்ள எறங்குன மாதிரி இருக்கும்.

அம்மாவுக்குத்தான் கஷ்டம். அவங்க பாபநாசத்துல டைல்ஸ் போட்ட வீட்டுல வளந்தவங்க. அவங்க அண்ணன், எங்க ரெத்தினம் மாமா, தீபாவளிக்கு வந்தாரு. சுவத்துல கைய வச்சுப் பாத்துட்டு, "மாப்ள, என் தங்கச்சிய சட்டிக்குள்ள குடி வச்சிருக்கீங்க"ன்னாரு.

"சட்டி ஒடையாது மச்சான்."

"உங்க மூஞ்சிக்காக மழை நிக்குமா? பாக்குறேன், இந்த அடைமழ வரைக்கும் பாக்குறேன். ஒரு சுவரு விழட்டும், மேகலாவையும் புள்ளைங்களையும் கூட்டிட்டுப் போயிருவேன்."

 அம்மா பாட்டுக்கு மாமா எலையில கொழம்பு ஊத்துனாங்க. போகமாட்டேன்னு சொல்லலயேன்னு அன்னிலேந்து எனக்கு அந்த பயம்தான்.

பழைய சுவரெல்லாம் ரெண்டு கோட வெயில்ல காஞ்சது, கல்லு மாதிரி நிக்குது. நானும் தம்பியும் படுக்குற ரூமுதான் புதுசு. இந்தக் குறுவை அறுப்புக்கு அப்பறம் அவசரமா வச்சது. மிஷின்ல அறுத்தா வைக்கோலு நொறுங்கிரும், சுவருக்கு ஆகாதுன்னு அப்பா அதுக்குன்னே ஒரு வயல கையால அறுத்தாரு. கதிர ஒரு தடவ அடிச்சா கொஞ்சம் நெல்லு தாள்லயே ஒட்டிக்கிட்டு நிக்கும். எப்பவும் காய வச்சு மறுபடி அடிப்போம். அன்னிக்கு வானம் கறுத்துருச்சு. மண்ணுக்குள்ளதான போகப்போவுதுன்னு அப்படியே போட்டு மிதிச்சிட்டோம்.

மழை புடிச்ச அஞ்சாறு நாள்ல சுவத்துக்கு வெளிப்பக்கம் பச்சப்பசேல்னு நாத்து. பக்கத்து வயலு வேம்பு அக்கா வந்து நின்னு, "என்னண்ணே, சுவத்துலயே நடவா? கூலி மிச்சம்"னு கேட்டுச்சு. "யூரியா மட்டும் போடமாட்டேன்"னாரு அப்பா. எல்லாரும் சிரிச்சோம். அப்பறமா அப்பா என்கிட்ட மட்டும் சொன்னாரு, "வெளிய முளைக்கிறது மேல் ஈரம், காஞ்சா செத்துரும். உள்பக்கம் முளைச்சாத்தான் பாப்பா கவலப்படணும். சுவரு முழுசா ஊறிருச்சுன்னு அர்த்தம்."

முந்தாநாள் தம்பி தலமாட்டுல உள்பக்கமே முளைச்சிருந்துச்சு. வெளிச்சம் படாததால வெள்ள வெளேர்னு, புழு மாதிரி. நான் யார்ட்டயும் சொல்லல தஹ்மீனா. சொன்னா அம்மா போயிருவாங்க. புடுங்கிப் போட்டேன். நேத்தும் வந்துச்சு, நேத்தும் புடுங்குனேன். இன்னிக்கு சாப்புட்டுட்டு வந்து புடுங்குறப்ப மண்ணும் கூடவே வந்துச்சு. வெரல வச்சேன், வெண்ணெய்ல எறங்குன மாதிரி எறங்கிருச்சு.

எல்லாத்தையும் மடியில அள்ளிக்கிட்டு மாட்டுக்குப் போடலாம்னு இங்க ஓடியாந்தேன். பாத்தா, தொட்டிக்குள்ள ஏற்கனவே ஒரு கைப்பிடி கெடக்குது. அதுவும் வெள்ள நாத்து. நான் போட்டது இல்ல.

திரும்புனா அப்பா நிக்குறாரு. வாயில டார்ச்சு, ரெண்டு கையிலயும் நாத்து. டார்ச்ச எடுத்துட்டு, "எப்பலேந்து புடுங்குற?"ன்னாரு.

"முந்தாநாள்லேந்து. நீங்கப்பா?"

அவரு கையில இருந்த நாத்தத் தொட்டிக்குள்ள போட்டாரு. "அம்மாட்ட சொல்லிறாத. நாளைக்கு மழை விட்டுரும்னு நியூஸ்ல சொல்றான்."

நான் மொதல்ல தலையாட்டிட்டேன். சத்தியமா ஆட்டிட்டேன்டி. அப்பறம் தம்பி அந்தப் பக்கம் தல வச்சுப் படுத்திருக்கிறது ஞாபகம் வந்துச்சு. "அப்பா, வெரலு உள்ள போவுது"ன்னேன்.

"எவ்வளவு?"

வெரல நீட்டிக் காட்டுனேன். அடி வரைக்கும் மண்ணு ஒட்டியிருந்துச்சு. அவரு நாத்த மட்டும் புடுங்கியிருக்காரு, சுவத்த அமுக்கியே பாக்கல. பயந்திருப்பாரு போல. என் வெரலையே ஒரு நிமிஷம் பாத்தாரு, அப்பறம் டார்ச்சப் போட்டுட்டு ஓடுனாரு. தம்பிய பாயோட இங்க தூக்கிட்டு வந்துட்டாரு.

அம்மா எந்திரிச்சு வந்து ஒன்னும் கேக்காம நேரா அந்தச் சுவத்துல வெரல வச்சுப் பாத்தாங்க. கைய பொடவைல தொடச்சுக்கிட்டு, "அப்பாவும் மவளுமா எனக்குத் தெரியாம களை எடுத்திருக்கீங்க"ன்னாங்க. சிரிக்கல. போன எடுத்து மாமாவுக்குப் போட்டாங்க. முடிஞ்சுச்சுன்னு நெனச்சேன். புஸ்தகத்த மொதல்ல எடுக்கலாமா துணியவான்னுகூட யோசிச்சிட்டேன்.

"அண்ணே, தூங்கிட்டியா? நெல்லு மூடுற பெரிய தார்ப்பாய் இருக்குல்ல, அத எடுத்துக்கிட்டு வா... இல்லண்ணே, கூட்டிட்டுப் போறதுக்கு இல்ல. சுவத்த மூட."

மாமா டிராக்டர்ல வந்தாரு. லுங்கியோட, வழி முழுக்கத் திட்டிக்கிட்டே வந்திருப்பாரு. அவரும் அப்பாவும் கயிறு கட்டிக்கிட்டு இருக்கிறப்ப உள்ள ஒரு சத்தம். ஈரத் துணிய ஓங்கித் தரையில அடிச்ச மாதிரி. ரூமு சுவத்துல பாதி உள்பக்கமா சரிஞ்சு கெடக்குது. தம்பியோட தலகாணி மேல. தலகாணி தெரியவே இல்ல.

 மாமா கயித்த விட்டுட்டு, "கௌம்பு மேகலா. இதுக்கு மேல என்ன இருக்கு"ன்னாரு.

அம்மா தம்பியத் தொட்டுப் பாத்தாங்க. அவன் கொறட்ட விடுறான். "மிச்ச சுவரு நிக்குதுல்லண்ணே. மொதல்ல அத மூடு"ன்னாங்க. அப்பறம் அப்பா பக்கம் திரும்பி, "ஏங்க, அடுத்த தடவ வைக்கோலு நான்தான் தருவேன். ரெண்டு தடவ அடிச்சு, ஒதறி. அதுக்கு முன்னாடி நீங்க மண்ண மிதிக்கக் கூடாது. அப்பறம், என்கிட்ட மறைக்கக் கூடாது. இவளையும் சேத்துத்தான் சொல்றேன்"ன்னாங்க.

அப்பா தலைய ஆட்டுனாரு. மாமா, "சட்டிய ஒட்டப்போறாளாம்"னு சொல்லிக்கிட்டே கயித்த இழுத்துக் கட்டுனாரு. இப்ப அடுப்படில உக்காந்து எங்க பால்லதான் டீ குடிக்கிறாரு, சக்கரை பத்தலங்கிறாரு.

தார்ப்பாய் காத்துல படக்கு படக்குன்னு அடிக்குது. ஒவ்வொரு தடவையும் இன்னொரு சுவரு போயிருச்சோன்னு தூக்கிப் போடுது. ஆனா பொட்டி கட்டவேண்டாம்டி. அந்த பயம் மட்டும் போயிருச்சு. அப்பா இன்னும் வெளியதான் நிக்குறாரு, டார்ச்சு அடிச்சு அடிச்சு சுவத்தப் பாத்துக்கிட்டு. அம்மா ஒரு கொடைய எடுத்துக்கிட்டு அவருகிட்ட போறாங்க.